அறிவித்து வரும் ஆபத்தும் அறிவியாது வரும் ஆபத்தும்

(பெரம்பலூர், அரியலூர் மாவட்டச் சங்க அங்கத்தினர்களுக்கு மழைக்காலப் பாடம்)

கூட்டுறவு இயக்கம் கடன் கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் மட்டும் தோன்றியதன்று. அதன் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போர்க்கு, அது துன்பத்தின் மடியில் பிறந்த இயக்கம் என்பது விளங்கும். இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 1844ஆம் ஆண்டில் தம் சிறு சேமிப்பைத் திரட்டிக் கடை திறந்த 28 பேரில் பலர் நெசவாளர். ஜெர்மனியில் 1846-47ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் விளைச்சல் பொய்த்துக் குடியானவர் பட்டினி கிடந்தபோது, ரைபைசன் என்னும் கிராமத் தலைவர் வசதியுள்ளோரிடம் பணம் திரட்டி, மாவு வாங்கி, ஊரிலேயே ரொட்டி சுட்டு, பின்னர்த் திருப்பித் தரலாம் என்ற உறுதியின்பேரில் ஏழைகளுக்கு வழங்கினார். இத்தகைய முறைகளை ஆராய்ந்தே சர் பிரடெரிக் நிக்கல்சன் 1895லும் 1897லும் சென்னை அரசாங்கத்துக்கு அறிக்கை அளித்தார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. ஆகவே, நெசவாளரும் குடியானவரும் இடுக்கண் காலத்தில் ஒன்றுகூடி நின்றதன் பயனே இன்று நாம் பங்குத் தொகை செலுத்தி அமர்ந்திருக்கும் இச்சங்கம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் அங்கத்தினர் இல்லங்களில் செய்து வைக்க வேண்டிய ஏற்பாடுகள் யாவை என்பதை இம்மாதப் பாடத்தில் காண்போம்.

சங்கங்களின் ஏடுகளை ஆய்வு செய்யும்போது நாம் அடிக்கடி காண்பது ஒன்று உண்டு. தவணை தவறிய கடன்களின் பின்னே சோம்பலோ ஊதாரித்தனமோ இருப்பது குறைவு. ஒரு மழையோ ஒரு வறட்சியோ இருப்பதே மிகுதி. ஒரு நெசவாளர் குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஐப்பசி அடைமழையில் தறிக்குழியில் நீர் ஊறிவிடுகிறது. குழி உலர்ந்து மீண்டும் தறியில் அமர 15 நாட்கள் ஆகின்றன. அந்நாட்களில் கூலி இல்லை. அடுப்பு மட்டும் எரிந்தாக வேண்டும். வெளியாரிடம் நூற்றுக்கு மாதம் 5 வட்டியில் 5,000 ரூபாய் வாங்குகிறார். மாதந்தோறும் வட்டி 250 ரூபாய். ஓராண்டு கழித்துப் பார்த்தால் 3,000 ரூபாய் வட்டியாகவே போயிருக்கிறது. முதல் அப்படியே நிற்கிறது. மழை பெய்தது நான்கு நாள்; அதன் கடன் நீடிப்பது நான்கு ஆண்டு. முன்னேற்பாடு என்று நாம் கூறுவது இந்தச் சங்கிலியை முதற்கண்ணியிலேயே அறுப்பதைத்தான்.

1. நம் நிலத்தின் இயல்பு

பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995இல் பிரிக்கப்பட்டது பெரம்பலூர் மாவட்டம். அதிலிருந்து அரியலூர் 2007 முதல் நிலையாகத் தனி மாவட்டமாயிற்று. மேற்கே பச்சைமலை, வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், இடையில் மருதையாறும் எண்ணற்ற ஓடைகளும். பெரம்பலூர்ப் பக்கத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் பெரும்பாலும் வானம் பார்த்த பயிர்கள். அரியலூர்ப் பக்கத்தில் கொள்ளிடக் கரையில் நெல்லும் கரும்பும், செம்மண் மேட்டில் முந்திரியும் நிலக்கடலையும். ஜெயங்கொண்டத்தைச் சுற்றி வாரியங்காவல், இலையூர், செங்குந்தபுரம் ஆகிய ஊர்களில் தறி ஓசை கேட்கிறது.

ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்றே மாதங்களில் பெய்துவிடுகிறது. அதுவும் சீராகப் பெய்வதில்லை. சில நாட்களில் கொட்டித் தீர்க்கிறது. இங்கே ஒரு சிறு கணக்கு அறிய வேண்டும். ஒரு ஏக்கர் நிலத்தின்மேல் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் சுமார் 40,000 லிட்டர். 10 சென்டிமீட்டர் பெய்தால் 4 லட்சம் லிட்டர். மேட்டு நிலம் 1,000 ஏக்கரில் அவ்வளவு மழை பெய்தால் 40 கோடி லிட்டர். மண் ஒரு பங்கைக் குடித்தாலும், மழை தொடர்ந்து பெய்து மண் நிறைந்தபின், எஞ்சிய நீர் முழுதும் தாழ்வான ஓடையை நாடி ஓடும். காலையில் கணுக்கால் நனையாத ஓடை மாலையில் ஆளை இழுத்துச் செல்வது இதனால்தான்.

வானிலை ஆய்வு நிலையம் 24 மணி நேரத்தில் 6.5 சென்டிமீட்டர் முதல் 11.5 வரை பெய்வதைக் கனமழை என்றும், அதற்கு மேல் 20.4 வரை மிகக் கனமழை என்றும், அதனையும் கடந்ததை அதிகனமழை என்றும் வகுத்துள்ளது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற எச்சரிக்கை நிறங்களின் பொருளும் வீட்டிலுள்ள சிறுவர் முதல் முதியோர் வரை அறிந்திருத்தல் நலம். மஞ்சள் என்றால் கவனித்திரு. ஆரஞ்சு என்றால் ஆயத்தமாயிரு. சிவப்பு என்றால் செயலில் இறங்கு.

2. அறிவியாது வரும் வெள்ளம்: 1956

1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் விடியற்காலை, சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கிச் சென்ற விரைவு வண்டி அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலத்தில் ஏறியது. மழை வெள்ளம் பாலத்தை முன்னரே சிதைத்திருந்தது. எஞ்சினும் பெட்டிகளும் ஆற்றில் வீழ்ந்தன. 140க்கும் மேற்பட்ட பிரயாணிகள் மாண்டனர். அப்போது ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி அவர்கள் தார்மிகப் பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். அதே ஆண்டில் மகபூப்நகர் விபத்தின்போது அவர் தந்த ராஜினாமாவை ஏற்க மறுத்த பிரதமர் நேரு, இம்முறை ஏற்றுக்கொண்டார்.

அமைச்சரின் பெருந்தன்மையை நாடு முழுவதும் இன்றும் பேசுகிறது. பேசத்தக்கதே. எனினும் இம்மண்ணில் வாழும் நாம் கற்க வேண்டிய பாடம் வேறு ஒன்றும் உண்டு. காவிரியோ கொள்ளிடமோ போன்ற பேராறு அன்று அவ்வுயிர்களைக் கொள்ளவில்லை. ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெரியக் கிடக்கும் மருதையாறே கொண்டது. ஆபத்து வந்தது இரவு கழியும் வேளையில். மழை பெய்துகொண்டிருந்த காலத்தில். நம்பி நடந்த பாலத்தில். நாள்தோறும் கடக்கும் தரைப்பாலத்தைப் பற்றி நமக்குள்ள நம்பிக்கையே அன்றும் இன்றும் முதல் ஆபத்து. முழங்கால் அளவு ஓடும் நீர், வேகம் மிகுந்திருந்தால் வளர்ந்த மனிதரையும் வீழ்த்தும். அதனினும் சற்று உயர்ந்தால் வாகனத்தையும் புரட்டும். தரைப்பாலத்தின்மேல் நீர் ஓடும்போது அதன் அடியில் பாலம் இருக்கிறதா என்பதை எவராலும் கண்ணால் அறிய இயலாது. ஆகவே, பால் கொண்டு போகும் அவசரமாயினும், பள்ளி விட்டு வரும் குழந்தைகளாயினும், நீர் வடியும்வரை இக்கரையில் நிற்பதே விதி.

இடி மின்னலும் இவ்வகையைச் சார்ந்ததே. பருத்தி எடுக்கும் பெண்களும் ஆடு மேய்ப்போரும் வெட்டவெளியில் தனித்த மரத்தடியில் ஒதுங்குவது வழக்கம். அதுவே மிகக் கொடிய இடம். மின்னல் தெரிந்ததற்கும் இடி கேட்டதற்கும் இடையே 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் ஆபத்து அருகில் உள்ளது. உடனே கட்டடத்துக்குள் செல்ல வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பின்னரே வயலுக்குத் திரும்பலாம்.

3. அறிவித்து வரும் வெள்ளம்: 2018

2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் கேரள, கர்நாடக மலைப்பகுதிகளில் பெய்த பெருமழையால் மேட்டூர் அணை நிரம்பி, விநாடிக்கு 2 லட்சம் கனஅடி அளவுக்கு நீர் வெளியேற்றப்பட்டது. ஒரு கனஅடி என்பது 28 லிட்டருக்குச் சற்று மேல். அப்படியாயின் விநாடிக்கு 56 லட்சம் லிட்டர்! காவிரியின் மிகை நீர் செல்லும் வழி கொள்ளிடமே. திருமானூர், தா. பழூர்ப் பகுதிக் கரையோர மக்கள், தம் தலைக்கு மேல் வெயில் காயும்போதே காலடியில் வெள்ளம் கண்டனர். அம்மாதம் 22ஆம் நாள் முக்கொம்பு மேலணையில் கொள்ளிடப் பக்கத்து மதகுகள் 9 உடைந்து அடித்துச் செல்லப்பட்டன. ஆர்தர் காட்டன் துரை 1830களில் கட்டிய அணை அது. பின்னர் அங்கே புதிய கதவணை கட்டப்பட்டது.

இவ்வெள்ளத்துக்கும் மருதையாற்று வெள்ளத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். மேட்டூரில் திறந்த நீர் நம் கரையை அடைய ஒரு நாளுக்கு மேல் ஆகும். அறிவிப்பு முன்னரே வந்துவிடுகிறது. அந்த ஒரு நாளைப் பயன்படுத்திக்கொள்வோர் கால்நடையையும் மோட்டாரையும் தானியத்தையும் மேட்டுக்குக் கொண்டு சேர்க்கின்றனர். "நம் ஊரில் மழையே இல்லையே" என்று இருந்துவிடுவோர் இழக்கின்றனர்.

வறட்சியோ இன்னும் நீண்ட அறிவிப்புத் தருவது. 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை சராசரியினும் 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அறிவிப்பு வருமுன்பே கிணற்றின் நீர்மட்டம் அதனைச் சொல்லிவிடும். கார்த்திகையில் கிணறு ஏறவில்லையெனில், தை மாதத்து இறவைப் பயிரின் பரப்பைச் சுருக்குவதும், தீவனத் தட்டையை விற்காமல் போராக வைத்துக்கொள்வதும் அறிவுடைமை.

ஆகவே ஆபத்துகளை அவை தரும் அவகாசத்தைக் கொண்டு வகுக்க வேண்டும். வறட்சி மாதக்கணக்கில் அவகாசம் தரும். கொள்ளிடம் ஒரு நாள் தரும். ஓடையும் மின்னலும் எதுவும் தாரா. அவகாசம் எவ்வளவு குறைவோ அவ்வளவுக்கு ஏற்பாடு முன்னதாக முடிந்திருத்தல் வேண்டும். இனி வரும் அறிவுரைகள் அனைத்தும் இவ்வொரு விதியின் விரிவே.

4. நெசவாளர் இல்லத்தில்

குழித்தறியின் குறை அதன் பெயரிலேயே உள்ளது. கூரை நீர் வீட்டுச் சுவரோரம் விழுந்து மண்ணில் இறங்கிக் குழியில் ஊறுகிறது. ஆகையால் முதல் வேலை குழிக்குள் அன்று, வீட்டுக்கு வெளியே. கூரை நீர் சுவரிலிருந்து விலகி விழும்படி தகரத் தாழ்வாரக் குழாய் அமைத்தல். சுவரைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குச் சரிவாகத் தளமிடுதல். தெரு வாய்க்காலைத் தூர் வாருதல். அடுத்து, குழியின் விளிம்பைத் தரைக்கு மேல் அரை அடி உயர்த்திக் கட்டினால் தரையில் ஓடும் நீர் உள்ளே இறங்காது. குழியின் உட்புறத்தைச் செங்கல்லும் சிமெண்டும் கொண்டு பூசிவிட்டால் ஊற்று பெருமளவு தடைப்படும். நம் மாவட்டத்தில் சிமெண்டுக்குப் பஞ்சமில்லை.

இரண்டாவது, பாவு. அடைமழையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சியிட்டு உலர்த்த இயலாது. ஆதலால் புரட்டாசி முடிவதற்குள் ஒன்றிரண்டு பாவுகளை முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்வோர் மழைக்காலத்தில் வேலையின்றி இருப்பதில்லை. சங்கமும் அதற்கேற்ப நூலை முன்னரே வழங்குதல் வேண்டும்.

மூன்றாவது, தறியிலுள்ள பொருள் பெரும்பாலும் சங்கத்தினுடையது என்பதை மறத்தலாகாது. பட்டுப் பாவு நனைந்தால் சாயம் கலங்கும். ஜரிகை ஈரத்தில் கருக்கும். ஜக்கார்டு அட்டைகள் ஊறினால் வளைந்து பயனற்றுப் போகும். சிவப்பு எச்சரிக்கை வந்த மாலையே, நெய்த துணியை அறுத்துச் சங்கத்தில் சேர்ப்பித்துவிட வேண்டும். நெய்யாத பாவைச் சுருட்டிப் பிளாஸ்டிக் விரிப்பில் பொதிந்து விட்டத்தில் கட்டுதல், அட்டைகளைக் கழற்றி உயரத்தில் வைத்தல் ஆகிய இரண்டும் அரைமணி நேர வேலை. அதனைச் செய்யாவிடில் பல நாள் உழைப்பும் பொருளும் ஓரிரவில் போகும்.

5. குடியானவர் இல்லத்திலும் வயலிலும்

மக்காச்சோளமும் வெங்காயமும் வேரில் நீர் நிற்கப் பொறா. விதைக்கும்போதே சரிவை நோக்கி வடிகால் விட வேண்டும். மழை வந்தபின் மண்வெட்டியுடன் ஓடுவது பயன் தராது. நம் வடிகால் அண்டை வயலில் கொண்டுபோய் விடுவதாக இருத்தல் கூடாது. பத்து வயல்களின் வடிகால் ஒன்றாகச் சேர்ந்து ஓடையை அடைவதற்கு அப்பத்து வயலாரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுவதே வழி. கூட்டுறவு என்பதன் பொருள் அதுவே.

வெங்காயப் பட்டறையைத் தரையினின்று உயர்த்தி, காற்று அடியிலும் பக்கங்களிலும் புகும்படி அமைத்து, மேலே கீற்று வேய்தல் வேண்டும். மக்காச்சோளத்தை ஈரம் 12 விழுக்காட்டுக்குக் குறையும்வரை உலர்த்தியே சேமிக்க வேண்டும். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடித்து, மாட்டுக்கும் கோழிக்கும் நஞ்சாகும். மழைக்கு முன் கால்நடைகளுக்குத் தொண்டை அடைப்பான் நோய்க்கான ஊசி போட்டுக்கொள்க. வெள்ள அறிகுறி தோன்றினால் மாட்டைக் கட்டுத்தறியில் விட்டுச் செல்லற்க. கயிற்றை அவிழ்த்து விட்டால் அது தானே மேடு தேடும்.

ஏரிக்கரையைக் கண்காணிப்பதும் குடியானவர் கடமையே. கரையின் வெளிச்சரிவில் கசியும் நீர் தெளிவாக இருப்பின் கவனித்து வரலாம். கலங்கலாக வந்தால் கரையின் உட்புற மண் அரிபடுகிறது என்று பொருள். எலி வளையும் நண்டு வளையும் பட்டுப்போன மரத்தின் வேரும் இதற்குக் காரணமாகும். அக்கணமே கிராம நிர்வாக அலுவலருக்கும் நீர்வளத் துறையினருக்கும் அறிவித்து, கரைக்குக் கீழே உள்ள வீடுகளைக் காலி செய்ய வேண்டும். கலிங்கின்மேல் பலகையோ மண்மூட்டையோ வைத்து நீரை உயர்த்துவோர் ஊரையே பணயம் வைக்கின்றனர்.

6. எல்லா இல்லங்களிலும்

ஒரு குடும்பத்தில் ஐவர் எனக் கொண்டால், குடிப்பதற்கு மட்டும் ஆளுக்கு நாள்தோறும் 3 லிட்டர் வீதம் மூன்று நாளைக்கு 45 லிட்டர் நல்ல நீர் மூடிய பாத்திரத்தில் இருத்தல் வேண்டும். அவல், பொரி, வறுத்த கடலை, வெல்லம், தீப்பெட்டி, கைவிளக்கு, அன்றாடம் உட்கொள்ளும் மருந்து, கைக்குழந்தைக்கு வேண்டுவன ஆகியவை ஒரே பையில் இருக்கட்டும். வெள்ளம் வடிந்தபின் கிணற்று நீரைப் பிளீச்சிங் தூள் இடாமலும் காய்ச்சாமலும் குடித்தல் கூடாது. வயிற்றுப்போக்கு கண்டால் காய்ச்சி ஆறிய 1 லிட்டர் நீரில் சர்க்கரை தலைதட்டிய 6 தேக்கரண்டியும், உப்பு அரைத் தேக்கரண்டியும் கரைத்து அடிக்கடி கொடுத்து, மருத்துவரிடம் காட்டுக. நீர் புகுந்த வீட்டில் மின் விசைப் பலகையைத் தொடுமுன் மின்வாரிய ஊழியரை அழைக்க வேண்டும். மாவட்ட அவசர எண் 1077, மாநில எண் 1070, ஆம்புலன்ஸ் 108 ஆகியவற்றைச் சுவரில் பெரிதாக எழுதி வைப்பது நன்று.

பட்டா, சிட்டா, ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், சங்கப் பாஸ் புத்தகம், காப்பீட்டு ரசீது ஆகியவற்றை நீர் புகாத உறையிலிட்டு ஒரே இடத்தில் வையுங்கள். அவற்றின் நகல் ஒன்று வேற்றூர் உறவினரிடம் இருப்பது மேலும் நலம். நிவாரணம் கேட்கச் செல்லும்போது கண்ணீரைக் காட்டிலும் காகிதமே விரைவில் பேசும்.

7. பயிர்க் காப்பீடு பற்றிச் சில தெளிவுகள்

பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016 முதல் நடைபெறுகிறது. குடியானவர் செலுத்த வேண்டிய பிரீமியத்தின் உச்ச அளவு, காரீப் உணவுப் பயிர்க்கும் எண்ணெய் வித்துக்கும் 2 விழுக்காடு, ராபிக்கு 1.5 விழுக்காடு, பருத்தி, வெங்காயம் போன்ற பணப்பயிர், தோட்டக்கலைப் பயிர்க்கு 5 விழுக்காடு. ஒரு ஏக்கர் பருத்தி 20,000 ரூபாய்க்குக் காப்பீடு செய்யப்படுவதாகக் கொண்டால் நாம் செலுத்துவது 1,000 ரூபாய்.

இதில் அங்கத்தினர் மனத்தாங்கலுக்குக் காரணமாவது ஒன்று உண்டு. "என் வயல் அழிந்தது, இழப்பீடு வரவில்லையே" என்பர். பொதுவாக இழப்பீடு தனி வயலைப் பார்த்து அளிக்கப்படுவதில்லை. அறிவிக்கப்பட்ட கிராமம் அல்லது பிர்க்காவின் சராசரி விளைச்சலைப் பார்த்தே அளிக்கப்படுகிறது. குறிப்பிட்ட சில உள்ளூர்ச் சேதங்களுக்கு மட்டும் தனி வயல் மதிப்பீடு உண்டு. அதற்குச் சேதம் நேர்ந்த 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். எந்தப் பயிர்க்கு எச்சேதம் அடங்கும் என்பதைப் பருவந்தோறும் வரும் அறிவிப்பில் சங்கச் செயலாளரிடம் கேட்டறிக. 2020 முதல் கடன் பெற்றோர்க்கும் இத்திட்டம் கட்டாயமன்று. ஆகையால் கடன் வாங்கியதாலேயே காப்பீடும் ஆயிற்று என்று எண்ணி இருந்துவிடாதீர்கள். அடங்கலில் உள்ள பயிரும் வயலில் உள்ள பயிரும் ஒன்றாக இருத்தல் முக்கியம். அரசாங்க இடுபொருள் நிவாரணத்துக்கும் 33 விழுக்காடு அல்லது அதற்கு மேல் சேதம் என்ற வரம்பு உண்டு. அதற்கும் அடங்கலே ஆதாரம்.

8. சங்கத்தின் கடமை

மேற்கூறியவை யாவும் இல்லத்தார் செய்வன. தனியொருவர் செய்ய முடியாதவற்றைச் சங்கம் செய்தல் வேண்டும். புரட்டாசி மாத நிர்வாகக் குழுக் கூட்டத்தில் கீழ்க்கண்டவற்றை முடிவு செய்யலாம்:

(அ) தாழ்வான இடத்தில் வாழும் அங்கத்தினர், தனித்து வாழும் முதியோர், கர்ப்பிணிகள், நடக்க இயலாதோர் ஆகியோரின் பட்டியலும், ஒவ்வொருவரையும் அழைத்து வர வேண்டியவரின் பெயரும்.

(ஆ) சங்கக் கிடங்கின் சாவி இரவில் யாரிடம் இருக்கும் என்பது. நூல், உரம், விதை ஆகியவை மரப்பலகை மேடையில் இருத்தல். கணக்கேடுகளை மேல் அலமாரியில் வைத்தல்.

(இ) மழைக்காலச் சேமிப்பு. முதலில் கூறிய உதாரணத்தை நினைவுகூர்க. வாரம் 100 ரூபாய் வீதம் 50 வாரம் சங்கத்தில் சேமித்தால், அக்குடும்பம் வெளியில் வாங்கிய அதே 5,000 ரூபாய் அதன் சொந்தப் பணமாக இருந்திருக்கும். 3,000 ரூபாய் வட்டியும் மிஞ்சியிருக்கும்.

(ஈ) துணை விதிகளில் இடமிருப்பின், பொது நல நிதியிலிருந்து கயிறு, கைவிளக்கு, தார்ப்பாய், முதலுதவிப் பெட்டி ஆகியவற்றை வாங்கி வைத்தல்.

இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு கோருவதன்று. ஒரு மாலைக் கூட்டமும், அதன்பின் ஒரு வாரக் கைவேலையும் போதும். பருவமழை தொடங்குமுன் ஒவ்வொரு சங்கமும் இதனைச் செய்து முடித்து, நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் தீர்மானமாகப் பதிவு செய்யும் என்று எதிர்பார்க்கிறோம்.

அங்கத்தினர் கூட்டத்தில் விவாதிக்க வினாக்கள்

1. நம் ஊரில் நீர் முதலில் புகும் தெரு எது? அங்கே எத்தனை தறிகள் உள்ளன?

2. ஒரு ஏக்கரில் 7 சென்டிமீட்டர் மழை பெய்தால் எத்தனை லிட்டர் நீர்? அந்நீர் உங்கள் வயலிலிருந்து எவ்வழியே வெளியேறும்?

3. மருதையாற்று வெள்ளமும் கொள்ளிட வெள்ளமும் தரும் அவகாசத்தில் உள்ள வேறுபாடு யாது? அதனால் ஏற்பாட்டில் என்ன வேறுபாடு?

4. இவ்வாண்டு உங்கள் பயிர் அடங்கலில் சரியாகப் பதிவாகியுள்ளதா? காப்பீட்டுக்குக் கடைசி நாள் எது?

5. இன்று இரவு சிவப்பு எச்சரிக்கை வந்தால் சங்கக் கிடங்கைத் திறப்பவர் யார்?